தாமதக்காரியின் கன்றுகள்

அனுப்புநர்:
ஒட்டுக்காரர் மனைவி,
மரக்கன்று உற்பத்திப் பண்ணை,
புறவழிச் சாலையின் பள்ளத்துப் பக்கம்.

பெறுநர்:
உயர்திரு கோட்டப் பொறியாளர் அவர்கள்,
சாலைகள் துறை அலுவலகம்,
இரண்டாம் மாடி.

பொருள்: மரக்கன்று உற்பத்திப் பண்ணை – புறவழிச் சாலைக்கு அடியில் அடைக்கப்பட்ட மழைநீர்க் குழாயை இந்த மழைக்கு முன் திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கன்று குறித்த எனது மனு. 2. நாற்று குறித்த எனது மனு. 3. நர்சரி குறித்த எனது மனு. 4. என் கணவர் மீது தங்கள் துறை அளித்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. எங்களைத் தங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால், புறவழிச் சாலையில் பேருந்தில் போகும்போது இடப்பக்கம் கீழே எட்டிப் பாருங்கள். பச்சை நிழல்வலையும், ஓட்டு வீடும், மழைக்காலமாக இருந்தால் ஒரு குளமும் தெரியும். வலையும் வீடும் எங்களுடையவை. குளம் தங்களுடையது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மனு. முழுவதும் படிக்க நேரமில்லாவிட்டால் இத்தோடு நிறுத்திக்கொண்டு, குழாயைத் திறக்க ஆள் அனுப்பினாலும் எனக்குச் சம்மதமே.

2. நேரமிருந்தால் எங்கள் பிழைப்பைச் சொல்கிறேன். பாதி நிலத்தில் மிளகாய், கத்தரி போன்ற காய்கறி. மீதிப் பாதியில் பழமரக் கன்றுகள். என் கணவர், நான், சுமை ஆட்டோ ஓட்டும் என் கொழுந்தனார் ஆகிய மூவரும்தான் முதலாளிகள், மூவரும்தான் கூலிகள். கோடை முடிவில் மாங்கொட்டை சேர்த்துக் கழுவி மணல் பாத்தியில் போடுவோம். மழையில் முளைத்ததும் மண், மணல், எரு கலந்து நிரப்பிய பைக்கு மாற்றுவோம். குளிரில் அவை வளர மறுத்து அடம்பிடிக்கும். வெயில் காலத்தில் காலையும் மாலையும் பூவாளியைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை கழன்றுவிடும். அடுத்த மழைக்குத் தண்டு பென்சில் தடிமனுக்கு வரும். அப்போதுதான் ஒட்டு.

ஒட்டு என்பது, பெயர் பெற்ற தாய் மரத்தின் நுனிக்குச்சியை ஆப்புப் போலச் சீவி, கன்றின் தண்டைப் பிளந்து செருகி, பாலித்தீன் நாடாவால் காற்றுப் புகாமல் கட்டி, மேலே குச்சி ஐஸ் உறை ஒன்றைத் தொப்பி போலக் கவிழ்ப்பது. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். குச்சி வாடினால் போயிற்று. வெட்டுவது என் கணவர், கட்டுவது நான். ஒட்டுப் பிடித்தால் அவருடைய வெட்டு, பிடிக்காவிட்டால் என்னுடைய கட்டு. இது எங்கள் வீட்டுச் சட்டம். இதை இயற்றியவர் யார் என்பதற்குத் தனியே ஒரு மனுப் போட வேண்டும். அது தங்கள் துறையைச் சார்ந்தது அல்ல.

3. மோட்டார் அறைக்குப் பக்கத்தில், யாரும் நடாமல் தானாக முளைத்த மாமரம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. மற்ற மரங்களெல்லாம் காய்த்து ஓய்ந்து, கடைத்தெருவில் மாம்பழம் என்ற பேச்சே அடங்கிய பிறகு, இது சாவகாசமாகப் பழுக்கும். பழமும் சும்மா சொல்லக்கூடாது, அப்படி இருக்கும். அதனால் அதற்குத் தாமதக்காரி என்று பெயர் வைத்தோம். அது போல இன்னொன்று எங்கும் இல்லை. காய்த்த முதல் வருடமே இதில் ஒட்டுப் போட்டு விற்றுவிடலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கணவர் கேட்கவில்லை. இந்தக் குணம் நிலைக்கிறதா, ஒரு வருடத்துக் கூத்தா என்று பார்க்காமல் யாருக்கும் ஒரு குச்சிகூடக் கொடுக்க மாட்டேன் என்றார். "நம்மள நம்பி நட்டவன் அஞ்சு வருஷம் கழிச்சு வந்து, என்னய்யா குடுத்தேன்னு கேக்கக் கூடாதும்மா" என்பது அவருடைய பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். நானும் போனால் போகிறது என்று விட்டேன். வருடம் தவறாமல் மரம் அதே போலக் காய்த்தது. ஒரு கோடையில், "சரி, இந்த மழையில தாமதக்காரிய ஒட்டுக்கு எடுத்துடலாம்" என்று அவர் வாயாலேயே சொன்னார். அந்தக் கோடையில்தான் தாங்கள் சாலையை உயர்த்தினீர்கள்.

4. சாலை அகலமானதில் எங்களுக்கு வருத்தமில்லை. என் கொழுந்தனாரின் ஆட்டோவுக்கும் அது நல்லதுதான். ஆனால் சாலைக்கு அடியில் ஒரு பெரிய சிமென்ட் குழாய் இருந்தது. எங்கள் நிலத்துக்குப் பின்னால் உள்ள மேட்டிலிருந்து வரும் மழைநீரெல்லாம் எங்கள் வேலியோர ஓடையில் இறங்கி, அந்தக் குழாய்க்குள் நுழைந்து, எதிர்ப்பக்கம் போய்விடும். சாலையை மார்பளவு உயர்த்தியபோது, பெயர்த்தெடுத்த பழைய தார்க்கட்டிகளையும் உடைந்த பலகைக் கற்களையும் குழாயின் வாயில் கொட்டி, மண் போட்டு மூடினார்கள். என் கணவர் ஓடிப்போய்ச் சொன்னார். வேலையை மேற்பார்த்தவர் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "இதுல குழாயே இல்லையேப்பா" என்றார். என் கணவர் குழாயைக் கையால் தொட்டுக் காட்டினார். அவர் வரைபடத்தைத் தொட்டுக் காட்டினார். வரைபடம் ஜெயித்தது. மாலைக்குள் குழாயும் வரைபடத்தில் உள்ளபடியே இல்லாமல் போயிற்று.

5. அந்த மழைக்குத் தாமதக்காரியின் குச்சிகளில் முதல் முதலாக ஒட்டுப் போட்டோம். விடியலில் நிழல்வலைக்கு அடியில் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து, அவர் வெட்ட வெட்ட நான் கட்டினேன். அப்படி ஒரு சந்தோஷமாக நாங்கள் இருவரும் வேலை செய்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒட்டுகள் துளிர்த்து, ஐஸ் உறைக்குள் செம்பு நிறத்தில் இலை காட்டின. பிறகு பெருமழை வந்தது. முன்பெல்லாம் ஓடையில் இறங்கிப் போகும் தண்ணீர், போக இடமில்லாமல் எங்கள் நிலத்திலேயே உட்கார்ந்துகொண்டது. பைகளின் அடியில் தண்ணீர் வடியத்தான் துளை போட்டிருக்கிறோம். அந்தத் துளை வழியாகவே தண்ணீர் மேலே ஏறியது. வேர் அழுகும் நாற்றம் எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

6. தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தோம். குறைதீர் பிரிவு வழியாக வந்தால்தான் எடுப்போம் என்றார்கள். குறைதீர் பிரிவுக்குப் போனோம். என் கொழுந்தனார், "அண்ணி, நல்ல தமிழ்ல எழுதினாத்தான் மதிப்பாப் பாப்பாங்க" என்றார். நல்ல தமிழில், "கன்றுகள் இறப்பதைத் தடுக்கக் கோருதல்" என்று பொருள் எழுதினேன். உள்ளே, தாமதக்காரி என்று நாங்கள் அழைக்கும் தாய் பிழைத்து நிற்பதாகவும், அதன் கன்றுகள் தண்ணீரில் மாண்டுவிட்டதாகவும் எழுதினேன். சாலை, குழாய் எல்லாவற்றையும் அதற்கு அடுத்த பத்தியில் விளக்கமாக எழுதியிருந்தேன். மனுவைத் துறை பிரிப்பவர் பொருள் வரியோடு நிறுத்திக்கொள்வார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

குளிர்காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. டாக்டர் பேசுகிறேன் என்றார். செடிக்கும் டாக்டர் வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கன்றுக்கு வயது என்ன என்று கேட்டார். ஒன்றரை வருடம் என்றேன். தாய் எங்கே என்றார். மோட்டார் அறைப் பக்கம் நிற்கிறது என்றேன். தீனி எடுக்கிறதா என்றார். உரம் வைத்தீர்களா என்றுதான் அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்து, "போன வாரம்தான் ரெண்டு கூடை சாணி வச்சோம் சார்" என்றேன். தாய்க்கா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிறகு, உடனே புறப்பட்டு வருவதாகச் சொன்னார்.

சொன்னபடியே வந்தார். ஊசி மருந்துப் பெட்டியோடும், கயிற்றைத் தோளில் போட்ட உதவியாளரோடும் வந்த அந்தக் கால்நடை மருத்துவரை நான் மாமரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகும்போது ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கிப் போனார். எங்களுக்கு உதவுவதாக நினைத்து நடந்ததை மேலே எழுதியும் அனுப்பினார். அதன் பலனாக எனக்கு வந்த பதில் இது: "நேரடி ஆய்வில் கன்று எதுவும் இறக்கவில்லை எனத் தெரியவருவதால் தங்கள் மனு முடித்துவைக்கப்படுகிறது."

7. முடித்துவைத்த மனுவைத் திறக்க முடியாது, புதிதாகத்தான் எழுத வேண்டும் என்றார்கள். கன்று என்ற சொல்லே ஆகாது என்று மூவரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். அதற்குள் கோடையும் பாதி போயிருந்தது. எங்கள் பாத்தியில் மிளகாய் நாற்றும் கத்தரி நாற்றும் இருந்தன. அவற்றையும் தண்ணீர் விட்டுவைக்கவில்லை. எனவே "நாற்றுகள் நீரில் மூழ்குவதைத் தடுக்கக் கோருதல்" என்று எழுதினேன். இந்தச் சொல்லுக்கு மாட்டு டாக்டர் வர மாட்டார் என்று கொழுந்தனார் உறுதி கூறினார். அது உண்மைதான். மனு வேளாண்மைப் பிரிவில் நெல் பார்க்கும் மேசைக்குப் போனது. இரண்டாவது மழையும் வந்து, ஒட்டுக்காக வளர்த்த கன்றுகள் எல்லாம் மறுபடி மூழ்கி, நாங்கள் அழுகிய பைகளைக் கூடை கூடையாக வாரிக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் பதில் வந்தது. நாற்று நட்ட நிலத்தில் நீர் நிறுத்துவது பயிர் வளர்ச்சிக்கு உகந்தது என்றும், அதனால் களை கட்டுப்படும் என்றும், இயற்கையாகவே நீர் தேங்கும் நிலம் அமைந்தது தங்களுக்கு ஒரு வாய்ப்பு என்றும் அதில் இருந்தது. என் கணவர் அதை ஒரு முறை படித்தார். கையிலிருந்த சேற்றைக் கழுவாமல் அப்படியே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. நான் அவரை எழுப்பவும் இல்லை. எழுப்பி என்ன சொல்வது? களை கட்டுப்பட்டது என்றா?

8. மூன்றாவது மழைக்கு நாங்களே ஒரு வழி செய்தோம். நிலத்தில் வைத்தால்தானே மூழ்கும்? வீட்டுத் தரை இரண்டு படி உயரம். கன்றுகளை வீட்டுக்குள் ஏற்றினோம். கூடத்தில் நடக்க ஒற்றையடிப் பாதை மட்டும் விட்டோம். கட்டிலுக்கு அடியில், சமையலறை மேடையில், உப்பு டப்பாவுக்கும் மிளகாய் டப்பாவுக்கும் நடுவில், பீரோவின் மேல், எங்கும் பை. என் கொழுந்தனார் ஆட்டோவில் தூங்கினார். துவைத்த துணியை எடுத்து உதறினால் மண் கொட்டும். வெளிச்சம் போதாமல் கன்றுகள் வெளுத்து, கழுத்து நீண்டு, ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு அந்த இரண்டு படிக்கும் தண்ணீர் வந்தது.

கொழுந்தனார், "எல்லாருக்கும் புரியற மாதிரி நர்சரின்னே போட்டுடலாம் அண்ணி. வாசல் போர்டுலயே அதுதானே இருக்கு" என்றார். பதற்றத்தில் நானும் எழுதிவிட்டேன். அதை இங்கே மறைக்காமல் தருகிறேன்: "எங்கள் நர்சரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. முக்கால்வாசி செத்துவிட்டன. மீதியைப் படுக்கையறையில் நெருக்கமாக அடுக்கி வைத்திருக்கிறோம். அவையும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. இனி எங்களால் ஆகாது."

ஐயா, இந்த மனுவுக்கு மட்டும் அன்றைக்கே ஆள் வந்தது. பள்ளிக் கல்வித் துறையின் ஜீப். அதிலிருந்து இறங்கிய ஆய்வாளர் அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரில் விழுந்து எழுந்து, "குழந்தைங்க எங்க? குழந்தைங்க எங்க?" என்று கத்திக்கொண்டே எங்கள் படுக்கையறைக்குள் வந்தார். பைகளைப் பார்த்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். நான் தண்ணீர் கொடுத்துத் தடவிக்கொடுத்தேன். அவர் பட்ட பயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. அந்த அம்மாள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் அஃறிணையில்தான் எழுதியிருந்தேன் என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இரண்டு வாரம் கழித்து எனக்குக் கடிதம் வந்தது. மேற்படி முகவரியில் பள்ளி எதுவும் இயங்கவில்லை என்பதால் மனு முடித்துவைக்கப்படுகிறது. மேலும், அங்கீகாரம் பெறாமல் வாசலில் நர்சரி என்று பலகை வைத்திருப்பதை உடனே அகற்ற வேண்டும். அகற்றினோம். அது ஒன்றுதான் அந்த மழையில் மூழ்காமல் மேலே நின்றிருந்தது.

9. அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே நடந்த ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். ஆய்வாளர் அம்மாள் போன மறுநாள் காலையில் என் கணவர் கடப்பாரையை எடுத்தார். தாமதக்காரியின் அடிமரம் தண்ணீரில் ஊறி, ஒரு பக்கக் கிளை முழுவதும் இலை பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் யாரையும் கேளாமல், ஒளியாமல், கொட்டும் மழையில், பேருந்தில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கச் சாலையோரச் சரிவைத் தோண்டினார். கொழுந்தனாரும் சேர்ந்துகொண்டார். நானும் சேர்ந்துகொண்டேன், புகாரில் என் பெயர் விடுபட்டிருக்கிறது, சேர்த்துக்கொள்ளலாம். தார்க்கட்டிகளை ஒவ்வொன்றாக உருட்டித் தள்ளியதும் குழாயின் வாய் தெரிந்தது. வரைபடத்தில் இல்லாத குழாய் ஒரு பெருமூச்சு விட்டது போலச் சத்தம் போட்டுத் தண்ணீரை உறிஞ்சியது. மத்தியானத்துக்குள் நிலம் தெரிந்தது. மூன்று வருடமாக மூன்று துறை செய்யாததை ஒரு கடப்பாரை செய்தது. நாங்கள் மூவரும் சேற்றில் நின்றுகொண்டு பைத்தியம் போலச் சிரித்தோம்.

10. அடுத்த நாள் தங்கள் லாரி வந்தது. இத்தனை நாள் வராத லாரி. தோண்டிய இடத்தில் இந்த முறை மண்ணைப் போடவில்லை, கான்கிரீட்டைப் போட்டார்கள். கூடவே காவல் நிலையத்திலிருந்தும் வந்தார்கள். பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக வழக்குப் போட்டு, என் கணவரையும் கடப்பாரையையும் கொண்டுபோனார்கள். மாலையிலேயே அவரை விட்டுவிட்டார்கள். ஆனால் மறு உத்தரவு வரும்வரை தினமும் காலையில் நிலையத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். சாயங்காலம் வந்து போடுகிறேனே என்று என் கணவர் கெஞ்சிப் பார்த்தார். "ஏன், காலையில உனக்கு ஆபீஸா?" என்று கேட்டுவிட்டார்கள்.

ஆமாம், காலையில்தான் ஐயா அவருக்கு ஆபீஸ். மேலே இரண்டாம் எண்ணில் எழுதியிருக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் வெட்ட வேண்டும். அந்த ஒட்டுக்காலம் முழுவதும் என் கணவர் காவல் நிலைய வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அதனால் நானே கத்தியை எடுத்தேன். இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், கை மட்டும் அவருடையது அல்லவே. படுக்கையறையில் பிழைத்திருந்த கொஞ்சம் கன்றுகளில், தாமதக்காரியின் பச்சை மிஞ்சிய கிளையிலிருந்து குச்சி எடுத்து, வெட்டியதும் நானே, கட்டியதும் நானே. ஒவ்வொன்றாகக் கறுத்துக் காய்ந்தன. பீரோ மேலிருந்த ஒன்று மட்டும் துளிர்த்தது. கணவர் நிலையத்திலிருந்து வந்து, அதை இறக்கி, ஐஸ் உறையைத் தூக்கி, வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டு நல்லாயிருக்கு" என்றார். எங்கள் வீட்டுச் சட்டப்படி அவர் அப்படிச் சொல்லக் கூடாது. நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டு அழுதேன்.

11. இப்போது தங்கள் துறையின் புகாரைப் பற்றி. அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கொழுந்தனார் உரக்கப் படிக்க, நாங்கள் இருவரும் கேட்டோம். ஐயா, அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அது கால்நடைக்குப் போகவில்லை, நெல்லுக்குப் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. நேராக எங்கள் வாசலுக்கு வந்தது. அதில் என் கணவரை, "புறவழிச் சாலையின் பள்ளத்துப் பக்கம் மரக்கன்று உற்பத்திப் பண்ணை நடத்திவருபவர்" என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். மரக்கன்று உற்பத்திப் பண்ணை. மாடும் இல்லை, நெல்லும் இல்லை, பள்ளிக் குழந்தையும் இல்லை. எவ்வளவு தெளிவான சொல்! மூன்று வருடமாக நான் இந்தச் சொல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அது தங்கள் மேசையிலேயே இருந்திருக்கிறது. அத்தோடு விடாமல், "மழைநீர்க் குழாயின் முகப்பில் இருந்த அடைப்பைச் சட்டவிரோதமாக அகற்றினார்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் குழாய் இருக்கிறது. அடைப்பும் இருக்கிறது. என் கணவரைக் குற்றவாளியாக்கும்போது மட்டும் இரண்டும் தங்களுக்குத் தெரிகின்றன.

எனக்குக் கோபம் வருகிறது ஐயா. மரியாதையாகத்தான் எழுதுகிறேன், ஆனால் கோபத்தோடு எழுதுகிறேன். அதைத் தாங்கள் பிழையாக எடுத்துக்கொண்டாலும் பாதகமில்லை.

12. தாமதக்காரி இந்த வருடம் என்றும் இல்லாத அளவுக்குப் பூத்தது. ஒரு பக்கம் பட்ட கிளை, மறுபக்கம் இலையே தெரியாமல் பூ. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். வேர் போன மரம் கடைசியாக அப்படித்தான் பூக்கும். அதை என் கணவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் அவரிடம் சொல்லவில்லை. இன்னொரு மழைக்காலம் தண்ணீரில் நின்றால் அது எழுந்திருக்காது. அது போய்விட்டால் எங்களிடம் ஊரில் எல்லாரும் விற்கும் கன்றுதான் மிஞ்சும். அத்தனை வருடம் பொறுத்திருந்த அந்த மனிதர் அதற்குப் பிறகு கத்தியைத் தொடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏற்கெனவே அது அலமாரியில் துரு ஏறிக் கிடக்கிறது.

13. ஆகவே நான் கேட்பது: வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லவில்லை. அவர் தோண்டியது உண்மை. வாய்தாவுக்குப் போகிறார், போவார். சேதமான பயிருக்கு ஈடும் கேட்கவில்லை. அவர் தோண்டிய அதே இடத்தைத் தாங்கள் தோண்டினால் போதும். அவர் செய்தால் குற்றம், தாங்கள் செய்தால் பராமரிப்பு. ஆட்கள் வந்தால் கடப்பாரை கொண்டுவரத் தேவையில்லை, எங்களிடம் இருக்கிறது. காவல் நிலையத்தில் இருப்பதைத் திருப்பித் தரச் சொன்னால் இரண்டு இருக்கும். மேற்குப் பக்கம் மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. தயவுசெய்து மழைக்கு முன் வாருங்கள்.

இந்த மனுவில் எந்தச் சொல்லைப் போடலாம் என்று என் கொழுந்தனாரைக் கேட்டேன். "அண்ணி, இந்தத் தடவை நான் வாயே திறக்கல" என்று கும்பிட்டுவிட்டார். எனவே தங்கள் சொல்லையே பொருள் வரியில் எழுதியிருக்கிறேன். தங்களிடமிருந்து எங்களுக்கு வழி தெரிந்து வந்த சொல், திரும்பித் தங்களிடம் வரவும் வழி அறிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி எழுதும்,
ஒட்டுக்காரர் மனைவி
(கையொப்பம்)

இடம்: தண்ணீர் தேங்கும் இடம்
நாள்: முதல் மழைக்கு முந்திய வாரம்

இணைப்பு:
1. முடித்துவைக்கப்பட்ட மூன்று மனுக்களின் பதில்கள்.
2. தங்கள் துறை அளித்த புகாரின் நகல்.
3. மரக்கன்று ஒன்று. பீரோ மேல் பிழைத்த அதுதான். தாமதக்காரிக்கு இருக்கும் ஒரே கன்று. இது கையூட்டு அல்ல; நிலம் காய்ந்ததும் வந்து திரும்ப வாங்கிக்கொள்வேன். எங்கள் இடத்தில் எங்கே வைத்தாலும் தண்ணீர் வருகிறது, தங்கள் அலுவலகம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அதனால் ஒப்படைக்கிறேன். ஜன்னல் ஓரம் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். பையின் அடியில் தண்ணீர் வடியத் துளைகள் போட்டிருக்கிறோம். அறையில் ஈரமாகிறது என்று யாராவது சொன்னாலும், அவற்றை அடைத்துவிட வேண்டாம்.